நன்னடத்தை அலுவலரிடம் எதைச் சொல்வது?

கேள்வி: 15 வயதான என் அக்காள் மகன், தன்னைவிட மூத்த இருவரோடு சேர்ந்து இருசக்கர வாகனம் திருடியதாகப் பிடிபட்டு, இப்போது ஜாமீனில் வீட்டில் இருக்கிறான். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பாராம். அவனுடைய அப்பாவின் குடிப்பழக்கத்தையும், அவன் பள்ளியிலிருந்து நின்றுவிட்டதையும் சொன்னால் அவனுக்கே பாதகமாகிவிடுமோ என்று அக்கா அஞ்சுகிறார்.
– வாசகி, வியாசர்பாடி

பதில்: இரண்டையும் சொல்லிவிடச் சொல்லுங்கள். வரவிருப்பவர் போலீஸ்காரர் அல்லர். 18 வயதுக்குட்பட்டவர்கள் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் சிறுவன் முதன்முதலில் நிறுத்தப்பட்டதிலிருந்து 15 நாட்களுக்குள், அவனுடைய குடும்பம், படிப்பு, சேர்ந்து பழகுபவர்கள், சம்பவத்தின் சூழல் ஆகியவற்றை விசாரித்து அறிக்கை தர வேண்டியவர். குற்றம் உறுதியானால், கண்டித்து அனுப்புவதா, நன்னடத்தையின் பேரில் விடுவதா, 3 ஆண்டுகளுக்கு மிகாமல் சிறப்பு இல்லத்தில் வைப்பதா என்று முடிவெடுக்கும்போது, இந்த அறிக்கை காட்டும் சூழ்நிலையையும் குழுமம் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 18ஆம் பிரிவு.

அப்பாவின் குடியை மறைத்தால், பையனை அவர் பொறுப்பிலேயே ஒப்படைத்துவிட வாய்ப்பிருக்கிறது. சொன்னால், அம்மாவிடமோ, குழுமம் தகுதியானவர் என்று ஏற்கும் வேறொருவரிடமோ, அது நீங்களாகவும் இருக்கலாம், ஒப்படைக்கச் சட்டத்தில் இடமுண்டு. அக்கம்பக்கத்திலும் பள்ளியிலும் விசாரித்தால் எப்படியும் வெளிவந்துவிடுகிற செய்தியை மறைத்து, குடும்பத்தின் மீதுள்ள நம்பிக்கையைக் கெடுத்துக்கொள்வானேன்? வியாசர்பாடி என்ற முகவரியைப் பார்த்ததுமே முடிவுகட்டிவிடுகிறவர்கள் உண்டு. ஆகவே அவன் தினமும் பந்து விளையாடப் போகிறவன், தங்கையைப் பள்ளியில் விட்டு வருகிறவன் என்பன போன்ற உண்மைகள் இருந்தால் அவற்றையும் விடாமல் சொல்ல வேண்டும்.

திருட்டுச் சம்பவத்தைப் பற்றி மட்டும், வழக்கறிஞரைக் கலந்துகொண்ட பிறகு பேசுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் அவனுக்கு இலவசமாகவே வழக்கறிஞர் கிடைப்பார். அந்த மூத்தவர்கள் 18 வயதைக் கடந்தவர்களாக இருந்து, அவனை ஏவிவிட்டிருந்தால், அதை வழக்கறிஞரிடம் அவசியம் கூறுங்கள். சிறுவரைச் சட்டவிரோதச் செயலில் ஈடுபடுத்தும் பெரியவர்களுக்கு 7 ஆண்டுகள் வரை கடுங்காவல் உண்டு.

அறிக்கை ரகசியமானது. ஆனால் அதன் சாரத்தைச் சிறுவனுக்கோ பெற்றோருக்கோ தெரிவித்து, அதில் கண்ட விஷயங்கள் குறித்துச் சான்று அளிக்க வாய்ப்புத் தரும் அதிகாரம் குழுமத்துக்கு உண்டு. தவறாக எழுதியிருப்பதாகத் தோன்றினால் வழக்கறிஞர் மூலம் அதைக் கேளுங்கள். அலுவலர் வருவதற்குள் தலைமையாசிரியரைப் பார்த்து, அவனை மீண்டும் சேர்த்துக்கொள்ளப் பேசி வையுங்கள். பள்ளி தரும் கடிதமும் அறிக்கையோடு போகட்டும்.