மரத்தைத் தேய்க்காமல் பெயிண்ட்டை எடுப்பது எப்படி?

கேள்வி: நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் பின்புறத்தில் திறந்தவெளி மரத் தளம் ஒன்று இருக்கிறது. அதன் பெயிண்ட் சில இடங்களில் செதில் செதிலாக உரிகிறது. சில இடங்களில் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. உப்புத்தாள் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தால் ஒரே நாளில் தேய்த்து முடித்துவிடலாம் என்கிறார் நண்பர். எங்கள் இரண்டு வயதுக் குழந்தை அங்கேதான் விளையாடுகிறது. அவர் சொல்வதுபோல் செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். குழந்தை விளையாடும் இடம் என்பதால், இயந்திரத்தைத் தொடுவதற்கு முன்பே இரண்டு செய்திகளை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

முதலாவது, ஈயம். முற்காலத்துப் பெயிண்ட்டுகளில் நிறத்துக்காகவும் விரைவில் உலர்வதற்காகவும் ஈயச் சேர்மங்களைக் கலந்தார்கள். மேல் பூச்சு புதியதாக இருந்தாலும் அடியில் உள்ள பூச்சில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்த்தால் அது நுண்ணிய தூளாகி மண்ணிலும் பலகை இடுக்குகளிலும் படிந்து, தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போய்ச் சேரும். குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் இந்த உலோகத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. ஆகவே எல்லாப் பூச்சுகளும் சேர்ந்து வரும்படி ஒரு செதிலை எடுத்து ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள்.

இரண்டாவது, மரம். வெளிப்புறப் பலகைகள் மக்காமல் இருக்க, தாமிரம், குரோமியம், ஆர்செனிக் கலந்த கரைசலை அழுத்தத்தில் ஏற்றும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அத்தகைய பலகையைத் தேய்த்தால் வரும் தூளிலும், எரித்தால் மிஞ்சும் சாம்பலிலும் ஆர்செனிக் இருக்கும். இவ்விரண்டில் ஒன்று இருப்பதாகத் தெரிந்தாலும் இயந்திரத்தை மறந்துவிட்டு, முறையான பயிற்சி பெற்றவர்களை அழையுங்கள்.

இரண்டும் இல்லை என்று உறுதியானாலும்கூட இயந்திரத்தை முதல் கருவியாகக் கொள்வதை நான் ஏற்கமாட்டேன். உராய்வின் சூட்டில் பெயிண்ட் இளகி உப்புத்தாளை அடைத்துவிடும். ஆணித் தலைகள் தாளைக் கிழிக்கும். ரேகைகளுக்கு இடையிலுள்ள மென்மையான பகுதி வேகமாகத் தேய்ந்து, கடினமான ரேகைகள் மேடாக நிற்கும். போன மரம் திரும்பி வராது என்பதால், பெயிண்ட்டை இளக்கிச் சுரண்டுவதே சரியான வழி.

எந்தப் பெயிண்ட் என்று அறிய, ஸ்பிரிட்டில் (ஆல்கஹால்) நனைத்த துணியால் ஓரிடத்தில் அழுத்தித் தேயுங்கள். நிறம் துணியில் ஏறிப் பரப்பு பிசுபிசுத்தால் அது நீர் சார்ந்த பெயிண்ட். அசையாவிட்டால் பெரும்பாலும் எண்ணெய் சார்ந்தது. எண்ணெய்ப் பெயிண்ட்டை காஸ்டிக் சோடா கலந்த ரிமூவர் (பெயிண்ட்டை இளக்கும் பொருள்) நன்றாக எடுக்கும். ஆனால் அது மரத்தைக் கறுக்கச் செய்யும். வேலை முடிந்ததும் ஆக்சாலிக் அமிலக் கரைசலால் காரத்தை முறிக்காவிட்டால் புதிய பூச்சும் நிற்காது. டைகுளோரோமீத்தேன் உள்ள ரிமூவரை வாங்காதீர்கள். அதன் ஆவி உடலுக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது, உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. பென்சைல் ஆல்கஹால் அடிப்படையிலானது மெதுவாகத்தான் வேலை செய்யும் என்றாலும், பொறுமை உள்ளவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன். எதுவானாலும் மூலையில் ஒரு சாண் இடத்தில் சோதித்த பிறகு தொடங்குங்கள். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

வெயில் தணிந்த நேரத்தில், இரண்டு மூன்று பலகைகளுக்கு மட்டும் ரிமூவரைத் தடிமனாகப் பூசி, காயாமல் இருக்க பாலித்தீன் தாளால் மூடுங்கள். காய்ந்துபோன ரிமூவர் இளக்கிய பெயிண்ட்டையே மீண்டும் ஒட்டவைத்துவிடும். பிறகு, மூலைகளை அரத்தால் மழுக்கிய சுரண்டியை ரேகையின் போக்கிலேயே தள்ளுங்கள். ரேகைக்குள் தங்கியதை நைலான் பிரஷ்ஷால் எடுங்கள். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். அதன் துகள்கள் மரத்தில் சிக்கித் துருப்பிடித்துக் கறுப்புப் புள்ளிகளாகிவிடும். கீழே உள்ள மண்ணையும் செடிகளையும் முன்பே மூடி வையுங்கள். தளம் கழுவி நன்கு உலர்ந்த பின், ஆணித் தலைகளை உள்ளே இறக்கிவிட்டு 60, பிறகு 80 எண் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்தால் போதும். அதைவிட நுண்ணிய சொரசொரப்புள்ள தாள் மரத்தின் துளைகளை அடைத்து, பின்னர் பூசும் எண்ணெயை உள்ளே இறங்கவிடாது.

கேள்வி: அழுத்தத்துடன் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்தால் பெயிண்ட்டை எடுக்க முடியாதா?

பதில்: பெயிண்ட்டைப் பெயர்க்கும் அளவு அழுத்தம் மரத்தின் நாரையும் பெயர்த்துவிடும், வெறுங்காலில் சிலாம்பு ஏறும். இளகிய கழிவைச் சுரண்டி எடுத்த பிறகு, குறைந்த அழுத்தத்தில் கழுவுவதற்கு மட்டும் பயன்படுத்தலாம்.

கேள்வி: எல்லாவற்றையும் எடுத்த பிறகு மீண்டும் பெயிண்ட் அடிக்கலாமா?

பதில்: அடிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. சுவரில் விழும் மழை வழிந்துவிடும்; கிடைமட்டமான தளத்தில் அது தேங்கி, பலகையின் வெட்டுமுனைகள் வழியாகவும் ஆணித் துளைகள் வழியாகவும் உள்ளே இறங்கும். வெயில் ஏறும்போது அந்த ஈரம் வெளியேற வழியின்றிப் பெயிண்ட் படலத்தை அடியிலிருந்து தள்ளும். உங்கள் தளம் உரிந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கக்கூடும். மரத்துக்குள் ஊறும் எண்ணெயோ, படலம் கட்டாமல் மரத்துக்கு நிறமூட்டும் ஸ்டெயினோ இப்படி உரியாது. நிறம் மங்கும்போது கழுவி உலர்த்தி மறுபடி பூசினால் போதும், சுரண்டும் வேலை இல்லை. ஆளிவிதை எண்ணெய் போன்றவற்றைத் துடைத்த துணிகளை மட்டும் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அவை காற்றோடு வினைபுரிந்து சூடேறித் தாமாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியில் ஒவ்வொன்றாக விரித்து முழுவதும் உலர்த்துங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் போட்டு வையுங்கள்.