லாரி ஓட்டுநர் மீது போலீஸ் வழக்கு இருக்கும்போது நஷ்டஈட்டுக்குத் தனியாக வழக்குப் போட வேண்டுமா?

தொப்பூர் கணவாயில் லாரி மோதி அக்காள் கணவர் இறந்ததாகவும், போலீஸ் வழக்கிலேயே பணம் கிடைத்துவிடும் என்று ஊரில் சொல்வதாகவும் கேட்டிருக்கிறீர்கள். கிடைக்காது. ஊரார் இரண்டு வழக்குகளை ஒன்றாகக் குழப்புகிறார்கள்.

போலீஸ் வழக்கு ஓட்டுநரைத் தண்டிப்பதற்கு. பிறருடைய தவறால் நேர்ந்த மரணத்துக்கு நஷ்டஈடு கேட்பது அதிலிருந்து வேறான உரிமை: இறந்தவரை நம்பி வாழ்ந்தவர்கள் இழந்த வருமானத்தைக் கேட்பது. 1855ஆம் ஆண்டின் மரண விபத்துச் சட்டமே இதற்கு வழிசெய்தது. மின்கம்பி அறுந்து விழுந்து இறந்தால் இன்றும் அதுதான் துணை. வாகன விபத்துக்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆவது பிரிவு. ஓட்டுநர் விடுதலையானாலும் இந்த நஷ்டஈட்டு மனு விழுந்துவிடாது. இங்கே சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் தேவையில்லை.

கணக்கு இப்படிப் போகும். அவருக்கு வயது 38, மாம்பழ மண்டியில் மாதம் 15,000 ரூபாய் வருமானம், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்று வைத்துக்கொள்வோம். எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 21,000. சொந்தச் செலவாக மூன்றில் ஒரு பங்கு போக 14,000. ஆண்டுக்கு 1,68,000. அந்த வயதுக்குப் பெருக்க வேண்டிய எண் 15. ஆக 25,20,000 ரூபாய். ஈமச்செலவு முதலியவை தனி. சம்பளச் சீட்டு இல்லையே என்று தயங்க வேண்டாம், மண்டிக்காரரின் சாட்சியமும் உதவும்.

அக்காள் கிருஷ்ணகிரியில் வசித்தால் அங்கேயே மனு செய்யலாம்; தருமபுரிக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது. காரியம் முடிந்த கையோடு வழக்கறிஞரைப் பாருங்கள்.