திரைவாசிப்பானும் புதிய இயங்குதளமும்

கேள்வி: பார்வையற்றவனான நான் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பானின் (திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துக்காட்டும் மென்பொருள்) துணையுடன் விண்டோஸ் 10 பயன்படுத்துகிறேன். அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. என் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்கவில்லை. லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: மாறலாம், ஆனால் என்.வி.டி.ஏ. விண்டோஸில் மட்டுமே இயங்கும் என்பதால், லினக்ஸில் ஓர்கா என்னும் திரைவாசிப்பானைப் புதிதாகப் பழக வேண்டும். இரண்டிலும் ஈஸ்பீக் என்னும் செயற்கைக் குரலில் தமிழைக் கேட்கலாம் என்பதால், அதற்குப் பழகியிருந்தால் காதுக்கு அந்நியம் தோன்றாது. இணையப் பக்கங்களில் தலைப்புகளைத் தாண்டிச் செல்ல அதே 'எச்' விசைதான். பழையதை அழிக்கும் முன், லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே இயக்கி, ஆல்ட், விண்டோஸ், எஸ் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஓர்கா பேசத் தொடங்கும். பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கும் தொடக்கத் திரையை மட்டும் எந்தத் திரைவாசிப்பானும் படிக்காது (வடிவமைப்பாளர்கள் நம்மை நினைக்கவே இல்லை போலும்!), அந்த ஐந்து நிமிடத்துக்குப் பார்வையுள்ள ஒருவர் உடனிருக்கட்டும். தங்கள் பிழைப்பு மைக்ரோசாஃப்ட் வேர்டை நம்பியிருந்தால், அது லினக்ஸில் நேரடியாக இயங்காது என்பதால், நாகர்கோவிலில் விண்டோஸ் 11 ஏற்கும் பழைய மடிக்கணினி ஒன்றைத் தேடுவதே நல்லது என்பேன்.