கொள்ளு தின்னாத குதிரைப் படை

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் தளபதி ரோமலின் டாங்கிகளை எதிர்க்க பிரிட்டிஷார் லிபியப் பாலைவனத்துக்கு 'ராயல் ஹார்ஸ் ஆர்ட்டிலரி' என்ற குதிரைப் பீரங்கிப் படையை அனுப்பினார்களாமே! மணலில் குதிரையை ஓட்டி டாங்கியை விரட்டப் பார்த்தது வெள்ளைக்காரத் தளபதிகளின் முட்டாள்தனம்தானே?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: உங்கள் கிணற்று மோட்டாரில் 'ஐந்து குதிரைத் திறன்' என்று எழுதியிருக்கிறது. மூடியைக் கழற்றிக் கொள்ளு வைக்கிறீர்களா? 1941-ல் ரோமல் திரிபோலிக்கு வந்தபோது லிபியாவில் அவருக்கு எதிரே நின்ற அந்தப் படையிடம் இருந்ததெல்லாம் லாரிகள். போருக்கு முன்பே லாயத்தைக் காலி செய்துவிட்டார்கள்.

பிறகு பெயர் மட்டும் ஏன்? 1793-ல் இந்தப் படை தொடங்கியபோது, மற்றப் பீரங்கிக்காரர்கள் பெரும்பாலும் வண்டியோடு நடந்து போனார்கள். இவர்கள் மட்டும் நடக்காமல் குதிரையிலோ பீரங்கி வண்டியிலோ ஏறிப் போனார்கள். குதிரைப்படை பாய்கிற இடத்துக்குப் பின்தங்காமல் பீரங்கியைக் கொண்டு சேர்ப்பதுதான் வேலை. குதிரைப்படையின் இடத்துக்கு டாங்கி வந்ததும், டாங்கியோடு ஓடுவது இவர்கள் வேலையாயிற்று. ரோமல் முற்றுகையிட்ட லிபியத் துறைமுகம் டோப்ருக்கில், 1941 ஏப்ரல் 14 அன்று அரணுக்குள் புகுந்துவிட்ட ஜெர்மன் டாங்கிகளை இந்தப் படையின் முதலாவது ரெஜிமென்ட் 25 பவுண்டர் (25 பவுண்டு எடைக் குண்டை வீசும்) பீரங்கிகளால் நேருக்கு நேர் சுட்டுத் திருப்பி அனுப்பியது. 12 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இலக்கை அடிக்க வேண்டிய பீரங்கிகள் அவை!

முட்டாள்தனம் வேண்டுமென்றால் சிடி ரெசெக் போய்ப் பாருங்கள். டோப்ருக்குக்குத் தென்கிழக்கே ஒரு விமானத் தளமும் மேடும். அங்கே நின்றது இதே படையின் மூன்றாவது ரெஜிமென்ட்டைச் சேர்ந்த ஜே பேட்டரி என்ற பீரங்கி அணி. (இந்த அணியின் பூர்வீகம் தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பெனி 1805-ல் திரட்டிய சென்னைக் குதிரைப் பீரங்கிப் படை. சென்னைப் பீரங்கிப் படைக்குத் தலைமையிடம் நம் பரங்கிமலை. உடனே மார்தட்ட வேண்டாம். 1941-ல் பீரங்கியைப் பிடித்தவர்கள் பிரிட்டிஷ்காரர்கள்தான்.) கையிலிருந்தது இரண்டு பவுண்டர்: 40 மில்லிமீட்டர் குழல், ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள கெட்டி இரும்புக் குண்டு. விழுந்த இடத்தில் வெடித்துச் சிதறாது. அதைத் திறந்த லாரியின் தட்டில் ஏற்றி வைத்து, மறைவுக்குப் புதர்கூட இல்லாத வெட்டவெளியில் நிறுத்தினார்கள். எதிரே வந்த ஜெர்மன் டாங்கிகளில் சில 75 மில்லிமீட்டர் வெடிகுண்டை எட்ட நின்றே வீசக்கூடியவை.

நவம்பர் 21 காலையில் சுமார் 60 டாங்கிகள் வந்தன. நான்கு பீரங்கிகளுக்குப் பொறுப்பு, ஜார்ஜ் வார்ட் கன் என்ற இளம் அதிகாரி. போருக்கு முன் கணக்குத் தணிக்கைத் தொழில் கற்றவர். கவசமில்லாத வண்டியில் பீரங்கிக்குப் பீரங்கி ஓடி ஆட்களுக்குத் தெம்பு சொல்லிக்கொண்டிருந்தார். பீரங்கிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசிப் பீரங்கி இருந்த லாரி தீப்பிடித்தது. அதன் ஆட்களில் மிஞ்சியவர் ஒரு சார்ஜென்ட் மட்டுமே. பேட்டரித் தலைவர் தீயை அணைக்கப் போராட, சார்ஜென்ட் குண்டு போட, கன் குறிபார்த்து நாற்பது ஐம்பது முறை சுட்டார். லாரி நிறைய வெடிமருந்து, பக்கத்தில் நெருப்பு. சுமார் 800 கஜம் தள்ளி இரண்டு டாங்கிகளாவது பற்றியெரிந்தன. பிறகு நெற்றியில் குண்டு பாய்ந்து இறந்தார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் அவர் இறந்த பிறகுதான் வந்தது. பேட்டரி இன்றும் 'சிடி ரெசெக்' பட்டத்தோடு இருக்கிறது.

அந்தத் துக்கடா பீரங்கியை ஏன் கொடுத்தார்கள் என்று கேட்டிருந்தால் உங்கள் கேள்வியைப் பாராட்டியிருப்பேன். 1940-ல் பிரெஞ்சுத் துறைமுகமான டன்கர்க்கிலிருந்து தப்பி வந்தபோது பிரிட்டிஷார் தங்கள் பீரங்கிகளைப் பிரான்சிலேயே விட்டுவிட்டார்கள். இரண்டு பவுண்டரைவிட வலுவான ஆறு பவுண்டர் அப்போதே வடிவமைத்துத் தயார். ஆனால் பட்டறையை அதற்கு மாற்றினால் சில மாதம் எண்ணிக்கை குறையுமே! பிரிட்டன் மீது ஜெர்மன் படையெடுப்பு வந்தால் கையில் எதுவும் இருக்காதே என்ற பயத்தில் பழையதையே வார்த்துத் தள்ளினார்கள். எனக்கு அந்தப் பயம் புரிகிறது. அதற்கான விலையைப் பாலைவனத்தில் இருந்தவர்கள் கட்டினார்கள் என்பதும் புரிகிறது. ஆறு பவுண்டர் அங்கே சண்டைக்கு வந்தது 1942 மே மாதம், டோப்ருக்குக்கு மேற்கே கஸாலாவில். கன் செத்து ஆறு மாதம் ஆகியிருந்தது.