பண்ணைக் குட்டைக் கரை: பருவமழைக்கு முன் நான்கு கேள்விகள்

கே: செய்யூர் பக்கத் தோப்பில் படகு விடுவதற்காக 3 மீட்டர் மண்கரை போட்டு நீர் தேக்கியிருக்கிறோம். நிரம்பினால் வெளியேற 6 அங்குல பிவிசி குழாய் உண்டு. போதுமா? (அண்ணா நகர்)

ப: போதாது. 10 ஏக்கர் மேட்டு நீர் உங்கள் குட்டைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கார்த்திகையில், ஊறிப்போன மண்ணில் மணிக்கு 100 மி.மீ. கொட்டினால் நொடிக்குச் சுமார் 1,100 லிட்டர் வந்து சேரும். அந்தக் குழாய் 50 லிட்டரைத் தள்ளுவதே பெரிது. ஒரு தேங்காய் மட்டை சிக்கினால் அதுவும் இல்லை. மிச்சம் கரைமேல் வழிந்து வெளிச்சரிவை அரிக்கும். உடைப்பு அங்கேதான் தொடங்கும்.

கரையோரத்தில், கொட்டிய மண்ணில் அல்லாமல் இயற்கையான கெட்டித் தரையில் கலிங்கு (உபரி நீர் வழிந்தோடும் திறந்த வழி) வெட்டுங்கள். 4 மீட்டர் அகலத்தில் 30 செ.மீ. உயரத்துக்கு நீர் ஓடினால் மேற்சொன்ன அளவு போய்விடும். அதற்கு மேலும் 60 செ.மீ. கரை நிற்க வேண்டும். புதுக்கரை அமுங்கும் என்பதால் கலிங்குத் தளத்திலிருந்து கரை உச்சி வரை 1 மீட்டர் வையுங்கள். மீன் தப்பிவிடும் என்று கலிங்கில் வலை கட்டுகிறார்கள். குப்பை சேர்ந்து அடைக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

கே: கரை அடியில், குழாயை ஒட்டி நீர் கசிகிறது. சிமென்ட் பூசி அடைக்கலாமா? (தாம்பரம்)

ப: வேண்டாம். அடைத்தால் கரைக்குள் அழுத்தம் கூடி நீர் வேறு வழி தேடும். கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால், ஒரு வாளி நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று வாரந்தோறும் குறித்து வாருங்கள். கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைந்து போகிறது என்று பொருள். கசியும் இடத்தின்மேல் முதலில் பருமணல், அதன்மேல் ஜல்லி போடுங்கள். நீர் வரும், மண் வராது. கூடவே மோட்டார் வைத்து நீர்மட்டத்தை இறக்குங்கள். நாளுக்கு 30 செ.மீ. போதும், வேகமாக இறக்கினால் உள்சரிவு சரியும். கலங்கல் கூடிக்கொண்டே போனால் கீழே குடியிருப்பவர்களுக்கு உடனே சொல்லிவிடுங்கள். குழாயைச் சுற்றி மண்ணைச் சரியாக இடித்து இறுக்காததுதான் வழக்கமான காரணம். கோடையில் கரையை வெட்டித் திறந்து, ஈரக் களிமண்ணை 15 செ.மீ. அடுக்குகளாக இடித்து மூடுங்கள்.

கே: கரைமேல் வேம்பு நடலாமா? (போரூர்)

ப: கூடாது. வேர் செத்து மக்கினால் அதுவே நீர்த்தாரை. புல் போதும், எலி வளையும் கண்ணுக்குத் தெரியும்.

கே: எட்டு நண்பர்கள் சேர்ந்து வாங்கிய நிலம். கரை உடைந்தால் யார் பொறுப்பு? (வேளச்சேரி)

ப: கூட்டுப் பட்டா என்றால் எட்டுப் பேரையும் வழக்கில் சேர்ப்பார்கள். 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், சில நிபந்தனைகளுடன் 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றுக்கும்தான். ஆனால் தேக்கிய நீர் வெளியேறி அடுத்தவருக்குச் சேதம் செய்தால் தேக்கியவரே பொறுப்பு என்பது இங்கிலாந்தின் 1868 ரைலண்ட்ஸ் வழக்குத் தீர்ப்பு முதல் இருக்கும் நெறி. கார்வேட்டிநகர் ஜமீன்தாரின் ஏரி உடைந்து ரயில் பாலத்துக்குச் சேதம் வந்தும், 1874 தீர்ப்பில் அவர் தப்பினார். பாசன ஏரியைப் பராமரிப்பது அவர் கடமை என்பதுதான் காரணம். படகு விடும் குட்டைக்கு அந்த வாதம் எடுபடாது. கரைப் பராமரிப்புச் செலவு யாருடையது, மழைக்காலத்தில் யார் பார்ப்பது என்று இப்போதே எழுதிக் கையெழுத்திடுங்கள். அதற்கும் முன்பாக வருவாய்த்துறையின் புல வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் (நிலத்தின் வகையைச் சொல்லும் பதிவேடு) பாருங்கள். நிலத்தின் குறுக்கே ஓடைப் புறம்போக்கு இருந்தால் அதை மறித்துக் கரை போடவே முடியாது. வில்லங்கச் சான்றில் இது தெரியாது.