வெளியே ரத்தம் இல்லை, உள்ளே காயம்: கேள்வி பதில்

விழுந்து, மோதி, குத்துப்பட்டு உடம்புக்குள் ஏற்படும் காயங்கள் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். விபத்துப் பிரிவில் வேலை செய்யும் அறுவை மருத்துவர் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: என் பையனுக்கு 9 வயது. சைக்கிளில் இருந்து விழுந்தபோது ஹேண்டில் முனை மேல்வயிற்றில் குத்திவிட்டது. அன்றைக்கு ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். மூன்றாம் நாளான இன்று பச்சை பச்சையாக வாந்தி எடுக்கிறான். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையா?

உடனே கிளம்புங்கள், அம்மா. குழந்தைகள் அறுவை மருத்துவர் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மீதியை வழியில் படிக்கலாம்.

ஹேண்டில் முனை சின்னது. விழுகிற வேகம் முழுவதும் அந்த ஒரு இடத்தில் இறங்கும். குழந்தைகளின் வயிற்றுச் சுவரும் மெல்லியது. அங்கே செரிமான நீர் சுரக்கும் கணையமும், சிறுகுடலின் தொடக்கமான முன்சிறுகுடலும் முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கின்றன. முன்னால் ஹேண்டில், பின்னால் எலும்பு, நடுவில் இவை நசுங்கும்.

முன்சிறுகுடலின் சுவருக்குள் ரத்தம் கட்டினால் குடல் பாதை கொஞ்சம் கொஞ்சமாக அடைபடும். அதனால்தான் ஓரிரு நாள் கழித்துப் பித்த வாந்தி வருகிறது. குடலில் ஓட்டை இல்லை என்று உறுதியானால் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. மூக்கு வழியாகக் குழாய் போட்டு, ரத்தக் குழாய் வழியாக ஊட்டம் கொடுத்தால், ஒன்று முதல் மூன்று வாரத்தில் கட்டு கரைந்துவிடும்.

எனக்கு அதைவிடக் கவலை கணையம். அது இரண்டாகப் பிளந்திருந்தால்கூட முதல் சில மணி நேரத்தில் எடுத்த அமிலேஸ், லிப்பேஸ் (கணையத்தின் செரிமானப் பொருட்கள்) ரத்தப் பரிசோதனை சரியாகவே இருக்கலாம். அப்போது எடுத்த சி.டி. ஸ்கேனிலும் தெரியாமல் போகலாம். வலிகூட இடையில் குறைந்துவிட்டு மறுபடி வரும். எனவே 'ஏற்கெனவே பார்த்துவிட்டோம்' என்று நிறுத்தாமல், ரத்தப் பரிசோதனையையும் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி.யையும் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். கணையக் குழாய் அறுந்திருக்கிறதா என்பதை எம்.ஆர்.சி.பி. என்ற எம்.ஆர்.ஐ. வகை ஸ்கேன் காட்டும். சிகிச்சை என்ன என்பது அதைப் பொறுத்தது.

வயிற்றில் வட்டமாகக் கன்றியிருந்தால் மறைவதற்குள் போட்டோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம், மற்ற பெற்றோருக்கும் சொல்கிறேன்: ரப்பர் பிடி கழன்று வெறும் இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும் சைக்கிளைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எமர்ஜென்சியில் ஜெல் தடவி இரண்டு நிமிடம் ஸ்கேன் பார்த்து 'நார்மல்' என்றார்கள். நம்பலாமா?

அது வயிற்றிலும் இதயத்தைச் சுற்றியும் ரத்தம் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. வயிற்றில் சுமார் 200 மில்லியாவது சேர்ந்தால்தான் பொதுவாகத் தெரியும். குடல் கிழிசலையும் கணையக் காயத்தையும் அது பிடிக்காது. வலி கூடினாலோ, வயிறு இறுகினாலோ திரும்பப் போக வேண்டும்.

கேள்வி: அப்பா பைக்கில் இருந்து விழுந்து ஆறு நாள் ஆகிறது. இடது விலாவில் மட்டும் வலி இருந்தது. இப்போது அடிபடாத இடது தோளில் வலிக்கிறது, படுத்தால் கூடுகிறது. சுளுக்கா?

சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள், தம்பி. இடது கீழ் விலா எலும்புகளுக்கு அடியில் இருப்பது மண்ணீரல். அதன் உறைக்குள் கட்டி நின்ற ரத்தம் சில நாள் கழித்து உடைத்துக்கொண்டு வெளியே வரலாம். அது உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரை) உறுத்தும்போது வலி தோளில் தெரியும். இரண்டு இடத்து நரம்புகளும் கழுத்துத் தண்டுவடத்தில் இருந்து கிளம்புவதுதான் காரணம். தலைசுற்றல், வியர்வை, வேகமான நாடி இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை முதலில் சொல்லுங்கள். நாடியும் பி.பி.யும் நிலையாக இருந்தால், பல பேருக்கு மண்ணீரலை எடுக்காமலே காப்பாற்றிவிடலாம்.

கேள்வி: கிரிக்கெட் பந்து நெஞ்சில் பட்டதும் ஒரு பையன் சுருண்டு விழுந்தான் என்று கேள்விப்பட்டேன். இதயம் கிழிந்துவிடுமா?

பெரும்பாலும் கிழிவதில்லை. துடிப்பின் ஒரு சுற்றில் சில மில்லி விநாடிகள் மட்டுமே நீளும் ஒரு கட்டத்தில் அடி விழுந்தால், நல்ல இதயம்கூடத் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கிவிடும். பையனுக்கு நினைவும் மூச்சும் இல்லை என்றால் உடனே நடு நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஷாக் கருவி இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கேள்வி: விபத்துக்குப் பிறகு கழுத்திலும் வயிற்றிலும் சீட் பெல்ட் தடம். மற்றபடி நன்றாக இருக்கிறேன்.

பெல்ட்தான் உங்களைக் காப்பாற்றியது. ஆனாலும் அந்தத் தடத்தைச் சாதாரணமாக விடக் கூடாது. வயிற்றுத் தடத்துக்குக் கீழே குடல் கிழிசலோ இடுப்பு முதுகெலும்பு முறிவோ இருக்கலாம். கழுத்துத் தடம் இருந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கிறதா என்று சி.டி. ஆஞ்சியோ (ரத்தக் குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் கட்டும் ரத்தம் பல மணி நேரம், சில நாள் கழித்துக்கூடப் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும்.

கேள்வி: பத்து வருடத்துக்கு முன் லாரி மோதியது. இப்போது சாப்பிட்டால் மூச்சு முட்டுகிறது. எக்ஸ்ரேயில் இடது நெஞ்சில் காற்று தெரிகிறதாம். பழைய விபத்துக்குச் சம்பந்தம் உண்டா?

இருக்கலாம். உதரவிதானம் அன்று கிழிந்து கவனிக்கப்படாமல் போயிருந்தால், இரைப்பையோ குடலோ மெல்ல மெல்ல நெஞ்சுக்குள் ஏறிவிடும். வலது பக்கத்தைக் கல்லீரல் ஓரளவு காப்பதால் இடது பக்கம்தான் அதிகம் பார்க்கிறோம். டாக்டர் கேட்காவிட்டாலும் பழைய விபத்தை அவரிடம் சொல்லுங்கள். மேலே ஏறிய இரைப்பைக்குள் இருக்கும் காற்றை நுரையீரலைச் சுற்றி நிற்கும் காற்று என்று நினைத்து நெஞ்சில் குழாய் போட்டால் அது இரைப்பையைக் குத்திவிடக்கூடும். எனவே அவசரமான நிலை இல்லை என்றால் முதலில் சி.டி. எடுத்து உறுதி செய்யட்டும். கிழிசல் தானாக மூடாது, ஆபரேஷனில் தைக்க வேண்டும்.