தனிச்சுழி வெப்பநிலையை ஒட்டிய குளிரில் இருக்கும் அணுக்களில் 'ஹிக்ஸ் அதிர்வு' இருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

திருவாரூரில் எம்.எஸ்சி. படிக்கும் தம்பி ஒருவர் செமினாருக்காகக் கேட்டிருக்கிறார். மன்னார்குடிப் பக்கம் இந்தப் பாடத்தை நடத்துகிறவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அதிர்வை நேரடியாகக் காட்டும் கருவி எதுவும் அங்கே இல்லை, தம்பி. அணுக்களை லேசாக ஆட்டிவிட்டு எவ்வளவு சூடேறியது என்று பார்க்கிறார்கள். விஷயமே அதுதான்.

ஜெர்மனியில் கார்ச்சிங் ஊரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் குவாண்டம் ஒளியியல் நிறுவனம் இப்படிச் செய்த சோதனை 2012 ஜூலையில் வெளியானது. அதே மாதம்தான் ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் தன் ஹிக்ஸ் துகளை அறிவித்தது. பத்திரிகைகள் 'கடவுள் துகள்' பின்னால் ஓடியதில் இதை யார் கவனித்தார்கள்!

லேசர் ஒளியால் உண்டாக்கிய குழிகளில் ருபீடியம்-87 அணுக்கள், குழிக்குச் சராசரியாக ஒன்று. குழி ஆழமில்லை என்றால் அவை குழிக்குக் குழி தாவி, எல்லாம் சேர்ந்து ஒரே அலையாக நடந்துகொள்ளும். அது மீபாய்மம் (superfluid), தடையே இல்லாமல் பாயும் நிலை. ஆழத்தைக் கூட்டினால் ஒவ்வொன்றும் தன் குழியிலேயே தங்கிவிடும். அது மாட் இன்சுலேட்டர், பாய்ச்சலே இல்லாத நிலை. சூடு, குளிர் இந்த மாற்றத்தைத் தீர்மானிப்பதில்லை. தாவும் ஆற்றலுக்கும் அணுக்கள் ஒன்றையொன்று தள்ளும் ஆற்றலுக்கும் உள்ள விகிதம்தான் தீர்மானிக்கிறது.

மீபாய்மத்தின் அந்த அலையின் கட்டம் (phase, அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பது) நெளிந்தால் கோல்ட்ஸ்டோன் அதிர்வு; அதை எழுப்ப எவ்வளவு சிறிய ஆற்றலும் போதும். வீச்சு, அதாவது அலையின் உயரம், கூடிக் குறைந்தால் ஹிக்ஸ் அதிர்வு. அதற்கு ஒரு குறைந்தபட்ச ஆற்றல் வேண்டும். மீபாய்மம் மாட் இன்சுலேட்டராக மாறும் புள்ளியை நெருங்க நெருங்க அந்தக் குறைந்தபட்சம் இறங்கிக்கொண்டே போகும். ஐப்பசி ஈரத்தில் தவில் தோல் தளர்ந்து நாதம் இறங்குமே, அப்படி. கல்யாண மண்டபத்தில் வித்வான் அதை முடுக்கிச் சரிசெய்வார். இவர்களோ வேண்டுமென்றே தளரவிட்டுக் கேட்கிறார்கள்.

குழிகளின் ஆழத்தை வெறும் 3 சதவீதம் ஏற்றி இறக்கி, அப்படி ஆட்டும் அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஆட்டி முடித்ததும் குழிகளை மெதுவாக ஆழமாக்கி, அணுக்களைத் தாவவிடாமல் குழிகளிலேயே நிறுத்தி, நுண்ணோக்கியில் படம் எடுக்கிறார்கள். ஒற்றை அணு இருக்கும் குழி ஒளிரும். இரண்டு இருந்தால், படமெடுக்கும் ஒளியில் அவை ஜோடியாக வெளியேறிவிடும். காலிக் குழி போலவே இருட்டாகத் தெரியும். சூடு கூடினால் இருட்டுக் குழிகள் பெருகும். அதை எண்ணித்தான் வெப்பநிலையைக் கணக்கிடுகிறார்கள்.

எந்த அதிர்வெண்ணில் சூடு ஏறத் தொடங்குகிறதோ, அதற்குரிய ஆற்றல்தான் அந்தக் குறைந்தபட்சம். மாற்றப் புள்ளியை நோக்கிப் போகும்போது அது இறங்கியது. மாட் பக்கம் போனதும் மறுபடி ஏறியது. ஹிக்ஸ்தான் என்று நம்பியது இந்த இறக்கத்தை வைத்துத்தான்.

அப்புறம், செமினார் படத்தில் ஊசி மாதிரி ஒரு சிகரத்தை வரைந்துவிடாதீர்கள். அணுக்களைப் பிடித்து வைக்கும் பொறியின் ஓரத்தில் அணு அடர்த்தி குறைவு என்பதால் இடத்துக்கு இடம் அதிர்வெண் மாறும். போதாததற்கு இரு பரிமாணத்தில் ஹிக்ஸ் அதிர்வு இரண்டு கோல்ட்ஸ்டோன் அதிர்வுகளாகச் சிதைந்தும் போகும். ஆகவே அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறும் சூட்டைக் காட்டும் வளைகோடு ஓரிடத்தில் எழும்பி அப்படியே அகலமாகப் பரவும். எழும்பும் இடத்தைக் குறித்துக் காட்டுங்கள், போதும்.